ஓடுபாதை முடிந்தும் ஓடும் குட்டி விமானங்கள்: தெரியுமா?

வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறி, தெஹிவளை, கல்கிசை தாண்டினால் இரத்மலானை. அங்கே ஒரு குட்டி செஸ்னா இறங்குகிறது. நிற்காமல் பாதையைத் தாண்டி ஓடினால்?

இரத்மலானையில் முதன்முதலில் இறங்கியது எது தெரியுமா?
அதுவும் ஒரு குட்டி விமானம்தான்! 1935 நவம்பர் 27 அன்று, மெட்ராஸ் பறத்தல் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த 'புஸ் மொத்' விமானம்.

செஸ்னா 152 நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் தெரியுமா?
காய்ந்த பாதை, காற்றில்லாத நேரம், சரியான வேகம் என்றால் சக்கரம் பட்டபின் வெறும் 145 மீற்றர்! இரத்மலானை ஓடுபாதையோ 1,833 மீற்றர். பன்னிரண்டு தரம் இறங்கி நிற்கலாம். பிறகேன் உலகெங்கும் சிறு விமானங்கள் பாதையைத் தாண்டி ஓடுகின்றன? தவறு பெரும்பாலும் சக்கரம் படுமுன்பே நடந்துவிடுகிறது!

உயரம் கொஞ்சம் கூடினால்?
வழமையான 3 பாகைச் சரிவில் வரும் விமானம் 15 மீற்றர் கூடுதல் உயரத்தில் வந்தால், ஏறத்தாழ 290 மீற்றர் தள்ளித்தான் தரை தொடும். பின்னால் விட்ட பாதை எதற்கும் உதவாது!

வேகம் பத்து வீதம் கூடினால்?
நிற்கும் தூரம் பத்து வீதமல்ல, 21 வீதம் கூடும்! கடற்காற்று முதுகில் தள்ளினாலும் இதே கணக்குத்தான்.

ரயர் தண்ணீரில் மிதக்கும், தெரியுமா?
கொட்டாஞ்சேனை மழையில் ஓட்டோ வழுக்கியதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ரயர் அமுக்கத்தின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்குங்கள். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் என்றால் 45 நொட், அதாவது மணிக்கு 83 கிலோமீற்றர். தண்ணீர் தேங்கிய பாதையில் அதற்கு மேல் போனால் ரயர் மிதக்கத் தொடங்கும், பிரேக் பிடித்தும் பயனில்லை!

நெடுஞ்சாலையைக் கடந்த ஜெட் தெரியுமா?
2005 பெப்ரவரி 2, அமெரிக்காவின் டெட்டர்பரோ. பாரம் முன்பக்கம் கூடியதால் எழும்ப மறுத்த ஒரு தனியார் சலெஞ்சர் ஜெட், ஆறு வழி நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, வாகனத்தில் மோதி, ஒரு களஞ்சியத்துக்குள் புகுந்தது. ஜெட்டில் இருந்த 11 பேரும் உயிர் தப்பினார்கள்!

ரஸ்க் போல நொறுங்கும் தரை?
உண்டு! பாதை முடிவில் மென்மையான நுரைக் கொங்கிறீட்டைப் பரப்புகிறார்கள். சக்கரம் அதை நொறுக்கிப் புதைய, விமானம் நின்றுவிடும். 2011 நவம்பர் 3, புளோரிடாவின் கீ வெஸ்ட்டில் பிரேக் பிடிக்காத ஒரு சைட்டேஷன் ஜெட்டை இதுதான் தடுத்தது. மூன்றே நாள் முன்னர், அதே பாதையின் மறுமுனையால் இன்னொரு ஜெட் ஓடிப்போயிருந்தது. அந்த முனையில் நொறுங்கும் தரை இருக்கவில்லை!

எல்லாவற்றிலும் மலிவான மருந்து?
இறங்குவதைக் கைவிடுவது! உயரமோ வேகமோ கூடினால் எஞ்சினை முழுவேகத்தில் விட்டு மேலே எழும்பி, சுற்றி வந்து மீண்டும் இறங்குவது. பயிற்சி விமானிக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

ஆகவே, நீங்கள் இருக்கும் விமானம் தரை தொடப்போய், திடீரென உறுமிக்கொண்டு மேலே ஏறினால் விமானியைத் திட்டாதீர்கள். உங்களுக்குப் போவது பத்து நிமிடம்தான்.