மாமல்லபுரத்துல எங்க சாப்பிடறது, எங்க குடிக்கிறது: படகு டைமுக்கு ஒரு பிளான்

இந்த வாரம் ஒரே கேள்விதான். நம்ம லிசனர் ஒருத்தர் அனுப்பியது: "ப்ரோ, இபிசா போக பட்ஜெட் இல்ல. நம்ம ஈ.சி.ஆர்ல அந்த வைப் எங்க கிடைக்கும்? எங்க சாப்பிடலாம், எங்க குடிக்கலாம்?"

நேர்மையா பதில் சொல்லணும்னா, அந்த வைப் இங்க கிடைக்காது. ஆனா இங்க இருக்கிறதும் மோசம் கிடையாது, டைம்டேபிள்தான் வேற. இபிசாவுல பெரிய கிளப்புகள் நள்ளிரவுக்குத்தான் சூடு பிடிக்கும், விடியற வரைக்கும் ஓடும். கோவளத்துலயும் மாமல்லபுரத்துலயும் விடியறதுக்கு முன்னாடியே படகு கடலுக்குள்ள போயிடும். காலை 9 மணிக்குள்ள நல்ல மீன் பாதி வித்துப் போயிடும். ராத்திரி 11 மணிக்கு ஊரே அடங்கிடும். இந்த ஒரு விஷயம் புரியாம போனா காசும் போகும், சில சமயம் உயிரும் போகும். ரெண்டாவதை நான் சும்மா சொல்லல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மே மாசம். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிறுசேரியில இருந்து நேரா மாமல்லபுரம் கிளம்பினோம். போய்ச் சேர ஏழரை. வரிசையா எல்லாத் தப்பையும் பண்ணோம். அந்தத் தப்புகளை வச்சே விளக்கிடறேன்.

தப்பு 1: மே மாசம் ராத்திரி 8 மணிக்கு "ஃப்ரெஷ் வஞ்சிரம்"

ஒரு கடையில உட்கார்ந்தோம். பேர் வேண்டாம். தட்டுல மீன், இறால், சிங்கி இறால் எல்லாம் அடுக்கி எடுத்துட்டு வந்து, "காலையில வந்ததுங்க சார்" அப்படின்னார். நம்பிட்டோம்.

இங்க ஒரு காலண்டர் தெரிஞ்சிருக்கணும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்னாடி 45 நாளா இருந்தது, 2017-ல இருந்து 61 நாள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும்னுதான் இந்தத் தடை. காசிமேடு மாதிரி துறைமுகத்துல இருந்து கிளம்பற விசைப்படகுகள் இந்த ரெண்டு மாசமும் கரையில நிற்கும். சின்ன ஃபைபர் படகுகளுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் இந்தத் தடை கிடையாது.

மாமல்லபுரத்துல பெரிய துறைமுகம் இல்ல. அவுட்போர்டு மோட்டார் வச்ச ஃபைபர் படகுதான், மணல்லயே ஏத்தி நிறுத்துவாங்க. அதனால தடைக்காலத்துலயும் இங்க ஃப்ரெஷ் மீன் வரும். ஆனா அளவு கம்மி, விலை அதிகம், பெரும்பாலும் சின்ன மீன். அந்த சீசன்ல ராத்திரி தட்டுல பெருசு பெருசா வஞ்சிரம் அடுக்கி இருந்தா, அது ஐஸ்ல வந்ததா, மேற்குக் கரையில இருந்து லாரியில வந்ததான்னு கேட்கறதுல தப்பே இல்ல. மேற்குக் கரையில தடை ஜூன், ஜூலையில வருது. அதனால மே மாசம் அந்தப் பக்கத்து மீன் இங்க வர வாய்ப்பு நிறைய.

இறால் கதை வேற. ஹோட்டல்ல நீங்க சாப்பிடற இறால்ல பெரும்பகுதி கடல்ல பிடிச்சது கிடையாது, பண்ணையில வளர்த்தது. 2009-ல இந்தியாவுல வெனாமி இறால் வளர்க்க அனுமதி கொடுத்தாங்க, அதுக்கப்புறம் அதுதான் ராஜா. வருஷம் முழுக்கக் கிடைக்கும். கொடுவாவும் வளர்ப்பு மீனா இருக்கலாம். முட்டுக்காட்டுல மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட நிலையம் இருக்கு. கொடுவாவை அடைச்சு வச்சே குஞ்சு பொரிக்க வைக்கிற வேலையை இந்த நிறுவனம் 1997-லயே செஞ்சு காட்டிடுச்சு. வளர்ப்பு மீன்ல ருசிக் குறைச்சலோ கேவலமோ எதுவும் இல்ல. கடல் மீன் விலையில அதை வாங்கிடாதீங்க, அவ்வளவுதான்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தா சின்னப் படகுகூட இறங்காது. அந்த மாதிரி நாள்ல "காலையில வந்தது"ன்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு சாம்பார் சாதம் ஆர்டர் பண்ணுங்க.

பில் எப்படி எகிறுது

எங்க பில்லைப் பார்த்துட்டு ஒருத்தன், "டேய், இது நம்ம ஆறு பேரோட ஒரு மாச நெட்ஃப்ளிக்ஸா, ஒரு வருஷத்துதா?" அப்படின்னான். ஏமாத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன். நாங்கதான் கேட்கல.

தட்டு காட்டி விற்கிற கடைகள்ல விலை கிலோ கணக்கு. அதுவும் முழு எடை: தலை, ஓடு, முள் எல்லாம் சேர்த்து. இறால்ல தலையும் ஓடும் போனா ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். சிங்கி இறால்ல வால் பகுதி, மொத்த எடையில சுமார் மூணுல ஒரு பங்கு. அதாவது கிலோவுக்குக் காசு கொடுத்துட்டு கால் கிலோ, முன்னூறு கிராம் சதையைத்தான் சாப்பிடறோம். அதுக்கு மேல நல்ல சிங்கி இறாலுக்கு ஏற்றுமதி கிராக்கி இருக்கு. விலை ஏறத்தானே செய்யும்?

அதனால மூணு கேள்வி. கிலோ என்ன விலை? என் கண் முன்னாடி எடை போடுவீங்களா? சமைக்கிற கூலி அந்த விலையிலயே சேர்ந்ததா? சமைக்கறதுக்கு முன்னாடி கேட்கணும். மீனைத் தொட்டுப் பார்க்கணும்னு சொல்லுங்க. கண் தெளிவா, லேசா புடைச்சு இருக்கணும். செவுள் சிவப்பா இருக்கணும். அழுத்தினா குழி விழக்கூடாது. நல்ல கடைக்காரர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

அப்ப எங்க சாப்பிடறது?

என் பிளான் இப்ப இதுதான். காலை ஆறரைக்கு கோவளம். படகு வந்து இறங்கறதைப் பாருங்க. போன தடவை மீன் விற்கிற ஒரு அக்கா, "இன்னா தம்பி, வஞ்சிரம் வஞ்சிரம்ன்றீங்க. காரப்பொடி துன்னு பாத்திருக்கியா?" அப்படின்னாங்க. அன்னைக்கு மதியம் ஒரு சின்ன மெஸ்ல காரப்பொடி வறுவலும் மாங்கா போட்ட சங்கரா குழம்பும் சாப்பிட்டேன். அந்த மே மாச பில்லுல வால்கூட வந்திருக்காது, அவ்வளவு கம்மி விலை. நெத்திலி, கிழங்கான், கானாங்கெளுத்தி, கடம்பா: இந்த அஞ்சாறு பேரை மனசுல வச்சுக்கங்க. "இன்னைக்கு என்ன வந்தது?"ன்னு கேளுங்க. மெனுவைக் கடைசியா பாருங்க.

கோவளத்துலயே சர்ஃபிங் இருக்கு. உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கு கத்துக்கிட்டு, ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்து வளர்த்ததுதான் கோவ்லாங் பாயிண்ட். காலையில ஒரு மணி நேரம் அலையில விழுந்து எழுந்துட்டு, பக்கத்துலயே டிபன் சாப்பிட்டா அதுவே ஒரு பார்ட்டி.

காசு செலவழிக்கற மூட்ல இருந்தா, கோவளத்துல 1974-ல இருந்து நடக்கிற தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ்ல கடலைப் பார்த்த மாதிரி பே வியூன்னு ஒரு உணவகம் இருக்கு. அங்க போறதா இருந்தா மதியம் போங்க, கடல் தெரியும். ராத்திரி போனா சத்தம் மட்டும்தான்.

மாமல்லபுரத்துல பேக்பேக்கர் தெருன்னா ஒத்தவாடைத் தெரு. ஒத்தவாடைன்னா ஒரு பக்கம் மட்டும் வீடு இருக்கிற தெரு. இப்ப ரெண்டு பக்கமும் கஃபேதான். மூன்ரேக்கர்ஸ் மாதிரி பழைய கடைகள் இங்கதான் இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்காக ஆரம்பிச்ச தெரு. அதனால பூண்டு, வெண்ணெய் போட்ட கிரில் மீன் நல்லா பண்ணுவாங்க, குழம்பை இங்க தேடாதீங்க. குழம்புக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற சாப்பாட்டுக் கடைகள்.

இபிசாவுலயும் இதே கதைதான். அங்கேயும் பழைய சாப்பாடு கிளப்ல இல்ல. புயித் தெ பேஷ்னு ஒரு மீன் குழம்பு, மீனவர்கள் படகுல சமைச்சு சாப்பிட்டது. முதல்ல மீன், அப்புறம் அந்தச் சாறுல வெந்த சோறு. நம்ம ஊர் ஆளுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

தப்பு 2: டீ கப்புல பீர்

சாப்பாட்டோட ஒருத்தன் பீர் கேட்டான். மெனுவுல இல்ல. அஞ்சு நிமிஷத்துல பீங்கான் கப்புல வந்தது. எங்களுக்கு ஒரே த்ரில். பில்லுல அது "ஸ்பெஷல் டீ".

அது ஏன் அப்படி வருது? தமிழ்நாட்டுல 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமல்லதான் இருக்கு. மது விற்கிறது அதுல கொடுக்கிற விதிவிலக்கு, அதனால எல்லாத்துக்கும் லைசென்ஸ் வேணும். சில்லறை விற்பனை 2003-ல இருந்து டாஸ்மாக் கையில மட்டும்தான், மதியம் 12-ல இருந்து ராத்திரி 10 வரை. உட்கார்ந்து குடிக்க டாஸ்மாக் பார், லைசென்ஸ் வாங்கின ஹோட்டல் பார், உறுப்பினர்களுக்கான கிளப். பீச்சுல நாலு கீத்து போட்டு பார் நடத்த இந்தச் சட்டத்துல இடமே இல்ல. கோவா மாதிரி ஏன் இல்லைன்னு கேட்கறவங்களுக்கு இதுதான் பதில்.

லைசென்ஸ் இல்லாத இடத்துல குடிச்சா என்ன பிரச்சனை? சரக்கு எங்க இருந்து வந்ததுன்னு தெரியாது, ஒழுங்கான பில் கிடையாது, ஏதாவது ஆனா புகார் சொல்ல வழியில்ல. அதனால குடிக்கணும்னா ரிசார்ட் பார்லயே உட்காருங்க. விலை கூடதான். 21 வயசு ஆகியிருக்கணும். லீவு நாளையும் பாருங்க: பொங்கல் பிளான் போடறவங்க மாட்டுப் பொங்கல் அன்னைக்கு திருவள்ளுவர் தினம்ங்கறதை மறந்துடறாங்க. அன்னைக்கு மதுக்கடை மூடல். குடியரசு தினம், காந்தி ஜெயந்தியும் அப்படித்தான்.

பாட்டில் வாங்கிட்டு மணல்ல உட்கார்ந்து குடிக்கறது சட்டப்படி தப்பு. அதை விடுங்க, அந்த மணல் ஒருத்தரோட ஆபீஸ். விடியக்காலையில இருட்டுல வெறுங்காலோட படகைத் தள்ளுவாங்க. உடைஞ்ச பாட்டில் அந்தக் கால்லதான் ஏறும். நம்ம கீபோர்டு மேல ஒருத்தன் கண்ணாடித் தூளைக் கொட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்?

சரக்கே வேண்டாம்னா கோடையில ஈ.சி.ஆர் ஓரமா பதநீர், நுங்கு. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவி இறக்கினா பதநீர், தடவாம விட்டா புளிச்சுக் கள். கள்ளுக்கு 1987-ல இருந்து இங்க தடை, பதநீருக்கு இல்ல. காலையிலயே குடிச்சிடுங்க, வெயில் ஏறினா ருசி மாறிடும்.

தப்பு 3: சாப்பிட்டு முடிச்சு கடல்ல

இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடே. ராத்திரி பத்தரைக்கு பீச்சுக்குப் போனோம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் நல்லா நீச்சல் தெரிஞ்சவன், ரெண்டு "ஸ்பெஷல் டீ" உள்ள போயிருந்தது. முட்டி அளவுத் தண்ணியில நின்னவன், ரெண்டு அலையில இடுப்பு அளவுல இருந்தான், மூணாவது அலைக்கு ஆள் தெரியல. நாங்க கத்தினோம். படகு ஓரமா வலை பிரிச்சுக்கிட்டு இருந்த ரெண்டு அண்ணன்கள் கயிறு, மிதவையோட இறங்கி இழுத்துட்டு வந்தாங்க. அவன் வாந்தி எடுத்துட்டு உட்கார்ந்திருந்தான். அதுல ஒரு அண்ணன் சொன்னது: "நாங்களே குடிச்சிட்டு எறங்க மாட்டோம் தம்பி."

அலை கரைக்குக் கொண்டு வர்ற தண்ணி திரும்பிப் போகணும் இல்லையா? சில இடத்துல அது ஒரு வாய்க்கால் மாதிரி சேர்ந்து வேகமா உள்ளே போகும். அதை எதிர்த்து நேரா கரைக்கு நீந்தினா களைச்சுதான் போவீங்க. மிதங்க, கையைத் தூக்கிக் காட்டுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த ஓட்டத்துல இருந்து வெளிய வாங்க. இதெல்லாம் தெளிவா இருக்கற மூளைக்குத்தான் ஞாபகம் வரும். குளிக்கணும்னா பகல்ல, கோவளத்துல 2021-ல நீலக் கொடிச் சான்று வாங்கின பீச்சுல, உயிர்காப்பாளர் பார்க்கிற பகுதிக்குள்ள.

வீட்டுக்கு எப்படி?

ஈ.சி.ஆர்ல ராத்திரி வண்டி ஓட்டறது சாதாரண விஷயம் இல்ல. ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினா குற்றம். ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீர், நம்மள்ல பல பேரை அதுக்கு மேல தாராளமா கொண்டு போயிடும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். பைக்குக்கும் இதே சட்டம்தான்.

குடிக்கற பிளான்னா அங்கேயே தங்குங்க. இல்லைன்னா வண்டியே எடுக்காதீங்க. தாம்பரத்துல இருந்து மாமல்லபுரத்துக்கு பஸ் இருக்கு. எலக்ட்ரிக் டிரெயின்ல செங்கல்பட்டு வரை போய், திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ல போகலாம். கடைசி பஸ் எப்பன்னு மட்டும் இறங்கும்போதே கேட்டு வச்சுக்கங்க.

நாங்க ஆறு பேரும் இப்பவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை போறோம். முதல் நாள் மதியம் போய், சாயங்காலம் ரிசார்ட்ல ரெண்டு ரவுண்டு, பத்து மணிக்குத் தூக்கம். காலை ஆறு மணிக்கு மணல்ல நிற்கறோம். அந்த அண்ணன்கள் ரெண்டு பேரும் பெரும்பாலும் அங்கதான் இருப்பாங்க. அவங்க படகுல அன்னைக்கு என்ன வந்ததோ அதுதான் எங்க மெனு. அன்னைக்குக் கடல்ல போனவன்தான் எங்க எல்லாருக்கும் முன்னாடி எழுந்திருக்கிறான்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே.