விளையாட்டு வழிச் சிகிச்சைக் குழுக்கள்: இளையோரின் உரிமையும் காப்பும்

மன அழுத்தம், வளர்ச்சிக் குறைபாடு, பேரிடர் தந்த அதிர்ச்சி, போதைப் பழக்கத்திலிருந்து மீளும் முயற்சி என வெவ்வேறு காரணங்களால் துணை வேண்டி நிற்கும் சிறார்களையும் இளைஞர்களையும் ஒரு குழுவாகக் கூட்டி, விளையாட்டு, ஓவியம், இசை, நாடகம் ஆகியவற்றின் வழியே நலம் பெறச் செய்யும் முறை பொழுதுபோக்குச் சிகிச்சை எனப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிக்கோள் வகுக்கப்படுவதும், பயிற்சி பெற்ற ஒருவர் அதை நோக்கிய முன்னேற்றத்தைக் குறித்து வருவதும் இதை மாலை நேர விளையாட்டுப் பயிற்சியிலிருந்து வேறுபடுத்துகின்றன. கேரம் பலகையைச் சுற்றி நால்வர் அமரும்போது, தன் முறைக்குக் காத்திருப்பதும் தோல்வியைத் தாங்குவதும் அறிவுரை இல்லாமலேயே பழக்கமாகின்றன. இத்தகைய குழுக்கள் தேவைப்படும் வடசென்னைக்குக் கேரம் புதியதல்ல. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையின் செரியன் நகரைச் சேர்ந்தவர்.

இம்முறையின் தேவையைத் தமிழகக் கடற்கரை மிகக் கடுமையான வழியில் அறிந்துகொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பின், பெங்களூரின் தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தினர் தமிழகத்தில் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உளசமூகத் துணைப் பணியில் பயிற்சி அளித்தனர். நடந்ததைச் சொற்களால் சொல்ல முடியாத பிள்ளைகள் படம் வரைந்தும் கதை நடித்தும் சொல்ல அதில் வழி இருந்தது. வடசென்னையின் எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அத்தகைய இரவுகளைக் கண்ட பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டோடு மற்றவர்களுடன் கூடி ஆடும் இடமும் தேவை.

அந்த இடத்தில் பிள்ளை மதிப்புடன் நடத்தப்படுவது சிகிச்சையின் மேல் பூசப்படும் மெருகன்று, சிகிச்சையே அதுதான் என்பது இங்கு அழுத்திச் சொல்லப்பட வேண்டியது. கூடியிருப்போர் முன் ஒருமுறை கேலிக்கு ஆளான பிள்ளை அடுத்த வாரம் வராமல் போகலாம். வந்தாலும் வாய் திறப்பது அரிது. வடசென்னையின் சாத்தாங்காடு போன்ற இடத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகு அங்காடியும் சரக்கு லாரிகளும் சூழ்ந்த இப்பகுதியில், வீடுகள் நெருங்கி, ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கும் சூழலில், குழுவில் ஒரு சிறுமி சொன்ன சொல் மறுநாள் காலைக்குள் தண்ணீர் லாரி வரிசையை எட்டிவிடக்கூடும்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, இதில் பாதிக் காப்பையே தருகிறது. அதன் 23ஆம் பிரிவின்படி, உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சில விலக்குகள் தவிர, சிகிச்சை பெறுபவரின் நிலை பற்றிய தகவலைச் சுகாதாரப் பணியாளர்கள் மறைவாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் வட்டமாக அமர்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள் மீது அச்சட்டம் இக்கடமையைச் சுமத்தவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது குழுவின் முதல் நாளில் எல்லாரும் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடுதான்: இங்கு கேட்டதை வெளியே பேசுவதில்லை, விருப்பமில்லாத கேள்விக்கு "வேணாம்" என்று சொன்னால் காரணம் கேட்பதில்லை, "லூசு", "மெண்டல்" என்ற சொற்களும் ஊரையோ சாதியையோ நிறத்தையோ குத்தும் பட்டப்பெயர்களும் கிடையாது. இதைப் பிள்ளைகளே தங்கள் சொற்களில் எழுதுவது நல்லது. பெரியவர் எழுதி ஒட்டிய தாள் சுவரோடு நின்றுவிடும்.

பெரியவர்களால் வரும் ஆபத்துகள் இவற்றினும் கடுமையானவை. நன்கொடையாளருக்கு அனுப்பவென்று கைபேசியில் எடுக்கப்படும் படங்கள் அவற்றுள் மிகச் சாதாரணமாகக் கருதப்படுபவை, அதனாலேயே மிகவும் கவனிக்கப்பட வேண்டியவை. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவரது சம்மதமின்றி ஊடகங்களுக்கு வெளியிடக் கூடாது என்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. திறந்த மைதானத்தில் கூடும் குழுவும் அதே நெறியைப் பின்பற்றுவதே முறை. தொட்டுப் பிடிக்கும் ஆட்டங்களில் தொடுகையை மறுக்கும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருக்கும் ஏற்பாட்டை எந்தக் குழுவும் அனுமதிக்கலாகாது. உடல் நலமும் இதில் சேர்ந்தது: மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து வெப்பத்தைத் தாங்கும் திறனைத் தளர்த்துகின்றன, லித்தியம் உட்கொள்பவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான எல்லைக்கு உயரக்கூடும். ஆகவே சித்திரை வெயிலில் ஆட்டம் வைப்பவர் பிள்ளைகளின் மருந்து விவரத்தைப் பெற்றோரிடம் தனியே கேட்டறிந்திருக்க வேண்டும்.

குழுவை நடத்துபவரின் தகுதியைக் கேட்பதும் பெற்றோரின் உரிமையே. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். இணைச் சுகாதாரத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனச் சிகிச்சையாளருடன் பொழுதுபோக்குச் சிகிச்சையாளரும் இடம்பெற்றுள்ளார். தன்னார்வலர் துணை நிற்கலாம், ஆனால் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையின்றி ஒரு பிள்ளையின் காயத்தைக் கிளறிப் பேசவைப்பது தீங்கு.

மதிப்பு மீறப்பட்டால் எங்கே போவது என்பது, குழு எங்கே கூடுகிறது என்பதைப் பொறுத்தது. மனநல நிலையத்தில் என்றால், மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி பொறுப்பு மருத்துவரிடமும், நிறைவில்லையெனில் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், பின்னர் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். 18 வயதுக்குட்பட்டவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வாரியத்தின் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சமுதாயக் கூடத்தில் கூடும் தொண்டு நிறுவனக் குழுவுக்கு இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது. அங்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் துணை வருகிறது: பொறுப்பிலிருப்பவர் பிள்ளைக்குத் தேவையற்ற உடல் அல்லது மனத் துன்பம் தருவது அதன் 75ஆம் பிரிவின்படி குற்றம். பாலியல் அத்துமீறல் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி அறிந்தவர் எவரும் காவல் துறையிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பதும் குற்றமே. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சக பிள்ளை கேலி செய்தான் என்பதற்காக அவன்மேல் சட்டத்தை ஏவுவது இந்த ஏற்பாடுகளின் நோக்கமன்று. அவனும் துணை தேடி வந்தவன், அவனோடு பேசி நெறிப்படுத்துவது குழுத் தலைவரின் பணி.

உடனடி உதவிக்குச் சிறார் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகியவை உள்ளன. முறையீட்டை எழுத்தில் கொடுத்து அதன் நகலைத் தேதியுடன் வைத்துக்கொள்வது பின்னால் உதவும். கிடைத்த ஒரே இலவசக் குழுவை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் பெற்றோர் பலர் வாய் திறப்பதில்லை, அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அனைவருக்கும் அளித்திருப்பதால், ஒரு குழுவின்மீது முறையிட்ட குடும்பத்துக்கு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமோ கதவை அடைக்க முடியாது.