ஒரு வார லீவும் ஒரு பஸ் கம்பெனியும்

தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் யாருக்கு லாபம்? தொழிலாளிக்கு மட்டும் அல்ல. அந்த லீவை நம்பியே இங்கிலாந்தில் ஒரு குடும்பம் பெரிய பஸ் கம்பெனியை உருவாக்கியது. நாட்டின் பெரிய சுற்றுலா பஸ் கம்பெனிகளில் ஒன்றாக அது உயர்ந்தது. அதன் பெயர் வாலஸ் ஆர்னால்டு.

அதன் கதை, பஸ்சில் ஏறி ஊர் பார்க்கப்போன சாதாரண உழைப்பாளிகளின் கதையும் ஆகும்.

லீட்ஸ் நகரம்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் மாவட்டத்தில் உள்ளது லீட்ஸ் நகரம். கம்பளித் துணிக்கும், தைத்த ஆடைக்கும், என்ஜின் தொழிலுக்கும் பெயர்போன ஊர். அந்தக் காலத்தில் புகைபோக்கிகளும், நெருக்கியடித்த வீடுகளும் நிறைந்திருந்தது.

1912-ம் ஆண்டு இங்கே ராபர்ட் பார் என்பவர் மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கினார்.

அந்தக் காலத்து சுற்றுலா வண்டிக்கு 'சாரபாங்' என்று பெயர். பெஞ்சு போட்ட வண்டி என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. லாரியைப் போன்ற அடிச்சட்டம். அதன்மேல் வரிசை வரிசையாக பெஞ்சுகள். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் கித்தானை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியதுதான். சக்கரங்களில் காற்று அடைத்த டயர் இல்லை. கெட்டி ரப்பர்தான்.

அப்போதைய சட்டப்படி இத்தகைய கனமான வண்டிகள் மணிக்கு 12 மைலுக்கு மேல் (சுமார் 19 கிலோ மீட்டர்) ஓடக்கூடாது. லீட்ஸ் மக்களுக்குப் பிரியமான கடற்கரை ஊர் ஸ்கார்பரோ. தூரம் ஏறக்குறைய 105 கிலோ மீட்டர். போய்ச் சேருவதற்குள் அரை நாள் கழிந்துவிடும். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவு இல்லை.

அன்றைய வண்டி முதலாளிகள் பலர் ஒரே அடிச்சட்டத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். வார நாட்களில் அதன்மேல் லாரிப் பெட்டியை வைத்து சரக்கு ஏற்றுவார்கள். சனிக்கிழமை அதைக் கழற்றி வைத்துவிட்டு பெஞ்சுகளைப் பூட்டுவார்கள். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் லாரி!

முதல் உலகப்போர் 1918-ல் முடிந்ததும் இந்தத் தொழில் வேகம் எடுத்தது. ராணுவத்துக்குத் தேவைப்படாத லாரிகள் விலைக்கு வந்தன. ராணுவத்தில் டிரைவிங் கற்றுக்கொண்ட இளைஞர்கள் வேலை தேடி ஊர் திரும்பினார்கள். வண்டியும் கிடைத்தது, ஓட்ட ஆளும் கிடைத்தது.

இரண்டு பேரின் பெயர்

அதே லீட்ஸ் நகரில் வாலஸ் கன்னிங்காம், ஆர்னால்டு குரோ என்ற இருவர் தங்கள் முதல் பெயர்களைச் சேர்த்து ஒரு சுற்றுலா பஸ் கம்பெனி வைத்திருந்தார்கள். 1926-ல் அதை ராபர்ட் பார் விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. பயணிகளிடம் பழகிப்போன 'வாலஸ் ஆர்னால்டு' என்ற பெயரையே வைத்துக்கொண்டார். கம்பெனியை நடத்தியது பார் குடும்பம். பஸ்சில் எழுதியிருந்ததோ வேறு இருவரின் பெயர். கடைசிவரை இது மாறவில்லை.

1930-ம் ஆண்டு இங்கிலாந்தில் புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அதன்பிறகு நினைத்த இடத்துக்கு சுற்றுலா பஸ் விட முடியாது. எந்த ஊரில் ஆள் ஏற்றலாம், எங்கே போகலாம் என்பதற்கு லைசென்ஸ் வேண்டும். அதிகாரிகள் முன்னால் போய், "இந்த பஸ் மக்களுக்குத் தேவை" என்று நிரூபிக்க வேண்டும். ரெயில்வேயும், போட்டி கம்பெனிகளும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

புது லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று. எனவே லைசென்ஸ் வைத்திருக்கும் சிறிய கம்பெனிகளை வாங்குவதே வளருவதற்கு வழி என்று ஆனது. வாலஸ் ஆர்னால்டும் அப்படித்தான் வளர்ந்தது. தெற்கே டெவன் கடற்கரை வரை அதன் கிளை பரவியது. 1937-ல் 'பார் அண்ட் வாலஸ் ஆர்னால்டு டிரஸ்ட்' என்ற தலைமை கம்பெனி உருவாயிற்று.

சம்பளம் இல்லாத லீவு

பஸ் இருந்தால் போதுமா? ஏறுவதற்கு ஆளுக்கு ஓய்வு வேண்டாமா?

இங்கிலாந்தில் 1871-ம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. இதைக் கொண்டு வந்த சர் ஜான் லப்பக், தாமே ஒரு வங்கி முதலாளி. இந்தச் சட்டத்தால் ஆண்டில் சில நாட்கள் வங்கிகள் மூடப்பட்டன. வங்கி மூடினால் வியாபாரம் நடக்காது. எனவே கடைகளும் ஆபீசுகளும் மூடப்பட்டன. குமாஸ்தாக்களுக்கு ஒரு நாள் கிடைத்தது.

ஆலைத் தொழிலாளிகளின் நிலை வேறு. லங்காஷயர் மில் ஊர்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் எல்லா மில்களையும் ஒன்றாக மூடிவிடுவார்கள். ஊரே காலியாகி பிளாக்பூல் கடற்கரைக்குப் புறப்படும். ஆனால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுவதும் வாரம் தவறாமல் சிறுகச் சிறுகச் சீட்டுக் கட்டி சேர்த்த பணம்தான் அந்த ஒரு வாரத்தில் செலவாகும். சேர்க்க முடியாதவர்களுக்கு லீவு என்பது வீட்டில் அடுப்பு எரியாத வாரம்.

தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. முடிவில் 1938-ல் சம்பளத்துடன் விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. சம்பள வாரியங்களின் கீழ் வரும் தொழில்களில் ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுக்க அது வழி செய்தது.

அந்த லீவை அனுபவிப்பதற்குள் 1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டுவிட்டது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கடற்கரைகளில் முள்கம்பி போடப்பட்டது. உல்லாசப் பயணம் நின்றுபோயிற்று.

பொற்காலம்

1945-ல் போர் முடிந்தது. ஆறு ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த ஆசை அணை உடைந்ததுபோல் பெருகியது. கையில் சம்பளத்தோடு லீவு இருந்தது. சொந்தக் கார் பெரும்பாலோரிடம் இல்லை. சுற்றுலா பஸ்களுக்கு அதுதான் பொற்காலம்.

வாலஸ் ஆர்னால்டு பஸ்கள் ஸ்காட்லாந்து மலைகளுக்கும், டெவன் கடற்கரைக்கும், கடல் தாண்டி ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்றன. பஸ் கட்டணம், ஓட்டல் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. வழியில் பர்சைத் திறக்கும் கவலை இல்லை.

ஏற்பாடும் எளிமையானது. அந்தந்த ஊர்களில் இருந்து சிறு பயணமாக பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பொது நிலையத்துக்கு வரும். அங்கே ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் ஒரு பஸ்சுக்கும், டெவனுக்குப் போகிறவர்கள் வேறு பஸ்சுக்கும் மாறுவார்கள். பெட்டிகளை ஊழியர்களே மாற்றி ஏற்றுவார்கள். ஓட்டல் வாசலில் இறங்கும்போது பெட்டி முன்னால் நிற்கும்.

ஓட்டுவதோடு டிரைவரின் வேலை முடிவதில்லை. வழியில் உள்ள கோட்டை எது, ஏரி எது என்று சொல்ல வேண்டும். வயதானவர்களைக் கைபிடித்து இறக்க வேண்டும். நல்ல டிரைவர் யார் என்று கேட்டு, அவர் பஸ்சிலேயே இடம் கேட்கும் பழைய வாடிக்கையாளர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

விமானமும் காரும்

1950-ல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் லண்டனில் இருந்து கார்சிகா தீவுக்கு விமானத்தில் ஆட்களை அழைத்துப்போனார். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங். விமானத்தில் மொத்தமாக ஆள் சேர்த்து அழைத்துப்போகும் மலிவு உல்லாசப் பயணத்துக்கு இதுவே முன்னோடி.

அடுத்த 20 ஆண்டுகளில் இளைஞர்கள் ஸ்பெயின் நாட்டு வெயிலைத் தேடிப் பறந்தார்கள். குடும்பஸ்தர்கள் சொந்தக் கார் வாங்கினார்கள். பஸ்சில் மிஞ்சியவர்கள் வயதானவர்கள்.

பார் குடும்பம் அந்த வயதானவர்களையே நம்பியது. ஓட்டல்களைச் சொந்தமாக வாங்கியது. கார் விற்பனைத் தொழிலிலும் இறங்கியது. எந்த மோட்டார் கார் பஸ் பயணியைப் பறித்துக்கொண்டதோ, அந்தக் காரை விற்றும் பணம் பார்த்தது!

குளிர்காலத்தில் ஓட்டல்கள் காலியாகக் கிடக்குமே? அதற்கும் இந்தத் தொழிலில் வழி கண்டுபிடித்தார்கள். ஓய்வு பெற்றவர்களை நவம்பர் மாதமே அழைத்துப்போய், வான்கோழி விருந்தும் தோரணமுமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாட வைத்தார்கள். உண்மையான பண்டிகைக்குப் பேரன் பேத்திகளோடு இருக்கலாம். விருந்து இரண்டு முறை.

1980-ல் லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கியது. அரசாங்கத்துக்குச் சொந்தமான நேஷனல் எக்ஸ்பிரஸ் பஸ்களுடன் போட்டியிட, தனியார் கம்பெனிகள் 'பிரிட்டிஷ் கோச்வேஸ்' என்ற கூட்டணி அமைத்தன. வாலஸ் ஆர்னால்டும் அதில் சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே கூட்டணி கலைந்தது. ஊருக்கு ஊர் பஸ் விடுவது வேறு, ஊர் சுற்றிக் காட்டுவது வேறு என்ற பாடம்தான் மிச்சம்.

கைமாறியது

1997-ல் சுற்றுலா பஸ் தொழில் பார் குடும்பத்தின் கையை விட்டுப்போனது. முதலீட்டு நிறுவனம் ஒன்றின் பணத்தோடு அது கைமாறியது. 2005-ல், நெடுங்காலப் போட்டியாளரான ஷியரிங்ஸ் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. முதலில் இரண்டு பெயர்களும் சேர்ந்து இருந்தன. 2007-ல் 'வாலஸ் ஆர்னால்டு' என்ற பெயர் பஸ்களில் இருந்து மறைந்தது.

2020-ல் கொரோனா வந்தது. பஸ்கள் நின்றன. வயதானவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். அவர்களை மட்டுமே நம்பியிருந்த தொழில் என்ன ஆகும்? அந்த ஆண்டு மே மாதம் ஷியரிங்சின் தாய் நிறுவனம் திவாலானது. சுமார் 2,500 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் டிரைவர்களும் உண்டு, ஓட்டல் சமையல்காரர்களும் உண்டு, அறை சுத்தம் செய்த பெண்களும் உண்டு.

முன்பணம் கட்டிய பயணிகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. பெட்டியைத் தூக்கி இறக்கியவர்களின் வேலையோ போனது போனதுதான்.

ஷியரிங்ஸ் என்ற பெயரை, அதே யார்க்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த லெஜர் என்ற சுற்றுலா கம்பெனி வாங்கியது. அந்தப் பெயரில் மறுபடியும் பஸ்கள் ஓடின.

பெஞ்சு வண்டியில் தொடங்கி ஏறக்குறைய 85 ஆண்டுகள் ஒரு குடும்பம் இந்தத் தொழிலை நடத்தியது. பஸ், ஓட்டல், லைசென்ஸ் எல்லாம் பணம் போட்டு வாங்கியவை. ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான முதலீடு பணம் கொடுத்து வாங்கக்கூடியதாக இருக்கவில்லை. ஆலையிலும் ஆபீசிலும் உழைத்தவர்கள் கேட்டுப் பெற்ற அந்த ஒரு வார லீவுதான் அது.