பசுமைக்குள் ஒரு பஞ்சம்

காடு என்றதும் நம் நினைவுக்கு வருவன மரங்களே. தேக்கு எவ்வளவு உயரம், மருது எவ்வளவு பருமன் என்று வியக்கிறோம். ஆனால் காட்டில் வாழும் விலங்குகளுள் பலவற்றுக்கு மர உச்சியைவிட மரத்தடியே முக்கியமானது. புள்ளிமானுக்கு எட்டுவன தரையிலுள்ள புல்லும் தாழ்ந்த தழையுமே. கடமானும் காட்டெருமையும் அவ்வாறே மேய்கின்றன. காட்டுக்கோழி தரையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. மான்குட்டி தன் பகைவருக்குத் தெரியாமல் படுத்திருப்பது உயர்ந்த புல்லின் மறைவில்தான். புல், செடி, சிறு மரம், முளைவிடும் கன்று ஆகியவை சேர்ந்த இந்தக் கீழடுக்கே காட்டின் அடுப்பங்கரை எனலாம். அது வெறுமையானால் மேலே எத்தனை மரங்கள் நின்றும் பயனில்லை.

இதை விளங்கிக்கொள்ள நீலகிரியின் வடபுறத்துள்ள முதுமலையை எடுத்துக்கொள்வோம். 1940ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. அதன் மேற்குப் பகுதியில் மழை மிகுதி. கிழக்கே செல்லச் செல்லக் குறைவு. ஆதலால் ஓரிடத்தில் ஆள் மறையும் உயரப் புல்லையும், மற்றோரிடத்தில் குட்டைப் புல்லையும் முட்புதரையும் காண்கிறோம். மழைக்காலத்தில் இளம்புல்லை விரும்பித் தின்னும் யானை, புல் முற்றி உலர்ந்தபின் இலை, பட்டை, சிறு கிளை ஆகியவற்றை நாடுகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 1988ஆம் ஆண்டு முதல் இக்காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, அதிலுள்ள மரங்களையும் செடிகளையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகின்றனர். 'கைடியா' என்று தாவர நூலார் அழைக்கும் சிறு மரம் தொடக்கத்தில் அங்கு மிகுந்திருந்தது. யானைகள் அதனை விரும்பி முறித்துத் தின்றதால் அது வெகுவாகக் குறைந்துபோயிற்று. கீழடுக்கு எப்போதும் ஒரே நிலையில் இருப்பதன்று என்பதை இது காட்டுகிறது. விலங்கு தின்பதும், தீ எரிப்பதும், மழை தழைக்கச் செய்வதுமாக அது மாறிக்கொண்டே இருக்கும்.

வேற்று நாட்டு விருந்தாளி

இந்த இயல்பான மாற்றத்துக்கு அப்பாற்பட்ட கேடு ஒன்று வந்து சேர்ந்தது. அதுவே உண்ணிச்செடி. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அதனைத் தோட்டத்திலும் வேலியிலும் வைத்தனர். அதன் சிறு கருங்கனிகளைப் பறவைகள் தின்று விதைகளை எங்கும் பரப்பின. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது பரவியுள்ளதாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

உண்ணி அடர்ந்த இடத்தில் வெயில் தரையைத் தொடுவதில்லை, புல் அழிகிறது. நெல்லி, கடுக்காய் போன்ற நம் நாட்டு மரங்களின் கன்றுகள் அருகுகின்றன. மானும் மாடும் அதன் தழையை ஒதுக்குகின்றன. பசியால் அதைத் தின்னும் மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகிறது. வழியே செல்வோர் கண்ணுக்குக் காடு முழுதும் பச்சை. மானுக்கோ அது பஞ்சகாலம். மான் குறைந்தால் புலிக்கும் இரை குறையும்.

கோடையில் மற்றோர் ஆபத்து உண்டு. புல்லில் பற்றும் தீ தாழ எரிந்து விரைவில் அடங்கும். மரத்தின்மேல் படர்ந்து ஏறிய உண்ணிப் புதரோ அத்தீயைக் கிளைகள்வரை ஏற்றிவிடும் ஏணியாகிறது. சத்தியமங்கலத்தை அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், முன்னாளில் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைத்துவந்தனர். 1974இல் அம்மலை சரணாலயமானபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன் பின்னரே உண்ணி பெருகிற்று என்பது அவர்கள் கூற்று. காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் சொல்லுக்கு நாம் செவிசாய்ப்பது நன்று.

காட்டோரச் சிற்றூர்களுக்கும் இதனால் இடர். புதர் மண்டிய ஒற்றையடிப் பாதையில் சில அடி தொலைவில் நிற்கும் யானையும் கண்ணுக்குத் தெரியாது. விறகுக்கும் தேனுக்கும் செல்லும் ஏழை மக்களே இதற்கு முதலில் அஞ்ச வேண்டியவர்கள்.

களைவது எவ்வாறு?

உண்ணியை மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். எனவே மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர்விடும் பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடும் முறையைத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்துத் தந்தார். அத்துடன் வேலை முடிந்துவிடாது. வெறுமையான நிலத்தில் நம் நாட்டுப் புல்லை விதைக்க வேண்டும். பறவைகள் கொணரும் விதையிலிருந்து முளைப்பவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பிடுங்க வேண்டும். புதரைப் புகலிடமாகக் கொண்ட சிறு பறவைகளும் உண்டாதலால், ஒரே மூச்சில் அனைத்தையும் அழிக்காமல் பகுதி பகுதியாகச் செய்வதே அறிவுடைமை.

மஞ்சள் கொன்றை என்னும் மற்றோர் அயல்நாட்டு மரமும் இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவி நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் இத்தகைய தாவரங்களை அகற்றிக் காட்டைச் சீரமைப்பதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. வெட்டிய உண்ணியும் வீணாவதில்லை. அதன் தண்டுகளைக் கொண்டு பழங்குடியினர் நாற்காலி, மேசை முதலியன செய்கின்றனர். நீலகிரி வட்டாரத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித் தண்டால் வடித்த ஆளுயர யானை உருவங்கள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டைக் கெடுத்த செடி, காட்டு மக்களின் கைக்கூலியாயிற்று.

நமது பங்கு என்ன? மலையோரத்தில் நிலமுள்ளோர் உண்ணியை வேலியாக வளர்க்க வேண்டாம். முன்பே உள்ளதைக் காய்க்குமுன் வேரோடு களையலாம். அழகாயிருக்கிறது என்று அயல்நாட்டுச் செடியை நடுமுன், அது தானே பரவக்கூடியதா என்று கேட்டறியலாம். பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும்போது மர உச்சியை மட்டும் காட்டாமல் மரத்தடியையும் காட்டுவோம். அங்கே புல் இருக்கிறதா, கன்று முளைத்திருக்கிறதா என்று அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். இன்று முளைக்கும் கன்றே அவர்கள் பேரப்பிள்ளைகள் காணப்போகும் மரம்.