பழைய கணினியின் உரிமம் புதியதற்கு வருமா?

எங்கள் கிளையின் வாடிக்கையாளரான மொத்த வணிகர் ஒருவர் அண்மையில் புதிய கணினி வாங்கினார். பழைய கணினியின் விண்டோஸ் உரிமத்தையே இதற்கும் மாற்றிக்கொள்ளலாம் என எண்ணி, இயங்குதளம் இல்லாமலே வாங்கிவிட்டார். உரிமம் மாறவில்லை. இலவசமாகவே விண்டோஸைச் செயற்படுத்தித் தரும் மென்பொருள் ஒன்று இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் கூறினாராம். அதை நிறுவிய கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்தலாமா என எங்களிடம் வினவினார். வேண்டவே வேண்டாம் என்றோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. கணினியை மாற்ற எண்ணுவோர் முதலில் தம் உரிமத்தின் வகையை அறிதல் நலம்.

கணினியோடு சேர்த்து உற்பத்தியாளர் வழங்குவது ஓ.இ.எம். உரிமம். அது அக்கணினியின் மதர்போர்டுடன் பிணைந்தது; வேறு கணினிக்குச் செல்லாது. தனியாக விலை கொடுத்து வாங்குவது சில்லறை உரிமம். இதனை மாற்றிக்கொள்ளலாம், எனினும் ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே பயன்படுத்த இயலும். எங்கள் வணிகரிடம் இருந்தது முதல் வகை.

சில்லறை உரிமம் உடையோர், பழைய கணினியில் இருக்கும்போதே அதனைத் தம் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்துவிட வேண்டும். 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட உரிமக் குறியீட்டையும் பத்திரப்படுத்துக. புதிய கணினியில் நிறுவும் பதிப்பு, ஹோம் ஆயினும் புரோ ஆயினும், உரிமத்திற்குரிய பதிப்பாகவே இருத்தல் வேண்டும். பின்னர் பழைய கணினியிலிருந்து உரிமத்தை நீக்கிவிடுதல் முறை.

திருட்டுத்தனமாகச் செயற்படுத்தும் மென்பொருள்கள் பல, வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்தச் சொல்கின்றன. காவலரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதற்கு ஒப்பானது இது. தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லைக் களவாடும் நிரல்கள் அவ்வழியே நுழையக்கூடும். உரிமத்தின் விலையை மிச்சப்படுத்தப் போய், கணக்கின் இருப்பை இழக்க நேரிடலாம். நம்ப இயலாத மலிவு விலையில் இணையத்தில் விற்கப்படும் குறியீடுகளிடமும் எச்சரிக்கை தேவை.

பழைய கணினியைப் பிறரிடம் கொடுக்குமுன், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் வங்கி அறிக்கைகளையும் படியெடுத்துக்கொண்டு, வன்தட்டை முழுமையாக அழித்திடுக. குப்பைக் கூடைக்கு அனுப்பிய கோப்பு அழிந்துவிட்டதாகக் கருதலாகாது.

வணிகர் முறையான உரிமம் வாங்கிய பின்னரே புதிய கணினியில் எங்கள் சேவையினுள் நுழைந்தார். உங்கள் கணக்கில் ஐயத்திற்குரிய பரிவர்த்தனை எதையேனும் கண்டால், தாமதியாது வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணிற்கும் தெரிவியுங்கள்.