கச்சேரியும் கமெராவும்

இசையரங்குகளுக்குச் செல்லும் வழக்கமுடைய அன்பர்கள் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பார்கள். பாடகர் ஆலாபனையைத் தொடங்குகிறார். இராகத்தின் உருவம் மெல்ல மெல்லத் துலங்கி வருகிறது. சபை மூச்சடக்கிக் காத்திருக்கிறது. அவ்வேளையில் மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து பளீரென்று ஓர் ஒளி பாய்ந்து மறைகிறது. பாடகரின் இமைகள் ஒருகணம் சுருங்குகின்றன. ஒளியைப் பாய்ச்சியவரோ தாம் எதையும் குலைத்ததாக எண்ணாமல், கையிலுள்ள கருவியைப் பார்த்துத் திருப்தியுடன் அமர்ந்துகொள்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறே செய்தவன். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

1974 ஆம் ஆண்டு. அப்போது எனக்கு இருபது வயது. படமெடுக்கும் பித்துப் பிடித்திருந்த காலம். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பிலிம் சுருள் கிடைப்பதே அரிதாயிருந்தது. முப்பத்தாறு படங்களுக்குரிய ஒரு சுருளைப் பெற்றுவிட்டால் அதை மாதக்கணக்கில் காத்து வைத்திருப்போம். வலிகாமத்துக் கோயிலொன்றின் திருவிழாவில், இரவு மேளக் கச்சேரிக்குப் பெயர்பெற்ற வித்துவான்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்ரூடியோ வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் பிளாஷ் விளக்கொன்றை இரவல் வாங்கிக்கொண்டு சென்றேன்.

நாதஸ்வரம் ஓய்ந்து தவில் தனித்து ஒலிக்கத் தொடங்கியது. நான் மேடைக்கு மிக அருகே சென்று, வித்துவானின் முகத்துக்கு நேரே விளக்கை எரித்தேன். அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. ஆனால் வலக்கை ஓரிடத்தில் தயங்கியதை, தாளம் போட்டுக்கொண்டிருந்த முதியவர்கள் கவனித்துவிட்டார்கள். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் தூணொன்றின் பின்னே ஒதுங்கிக்கொண்டேன்.

கச்சேரி முடிந்ததும் வித்துவான் என்னை அழைப்பித்தார். ஏச்சுக்கு ஆயத்தமாகப் போனேன். அவர் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "தம்பி, நீர் படம் எடுத்தது பிழையில்லை. ஆனால் அந்த வெளிச்சம் அடிச்சாப்போல கொஞ்ச நேரம் எனக்குக் கணக்குத் தெரியேல்லை. கண்ணுக்குள்ள ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் நிண்டது."

படத்தைக் கழுவி அச்சிட்டதும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்பது ஒரு நோக்கம். பாராட்டுப் பெறுவது மற்றொரு நோக்கம். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இது என்ர முகந்தான். ஆனால் இது எந்த ஊர், எந்தக் கோயில்? ஒண்டும் தெரியேல்லையே. இருட்டுக்குள்ள இருந்து ஆரோ என்னைப் பிடிச்சு வெளியில இழுத்துவிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வெளிறிய ஒரு முகம், வியர்வை மினுங்கும் ஒரு நெற்றி, கண்கள் பாதி மூடியிருந்தன. பின்னால் கரிய இருள். பந்தலும் இல்லை, சோடனையும் இல்லை, விடிய விடியக் கேட்டிருந்த சனங்களும் இல்லை.

அதன் காரணத்தை விஞ்ஞானம் கற்ற மாணவர் எவரும் கூறுவர். ஒரு சிறு விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துபோகிறது. பத்தடி தூரத்தில் விழும் ஒளியில் பதினாறில் ஒரு பங்கே நாற்பதடி தூரத்தில் விழும். ஆகவே அருகிலிருப்பவர் வெளிறிப்போவதும், பின்னாலிருப்பவர்கள் இருளில் மூழ்குவதும் தவிர்க்க முடியாதவை. மண்டபத்தின் பன்னிரண்டாம் வரிசையில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியின் விளக்கை எரிப்பவர், மேடைக்கு எந்த ஒளியையும் அனுப்புவதில்லை. முன்வரிசையில் இருப்போரின் பிடரிகளையே அவர் ஒளியூட்டுகிறார்.

அன்று விடைபெறும்போது வித்துவானிடம் கேட்டேன்: "ஐயா, வெளிச்சம் போடாமல் எடுத்தால் உங்கள் கை வெறும் புகையாய்த்தானே தெரியும்?" அவர் சிரித்துவிட்டுத் தம் துடையிலே மெல்லத் தட்டிக் காட்டினார். "தீர்மானம் மூண்டு தரம் வரும் தம்பி. முதல் தரம் கேளும். இரண்டாந்தரம் கமெராவைத் தூக்கும். மூண்டாந்தரம் முடியிற இடத்தில அமத்தும். அந்த இடத்தில என்ர கை நிக்கும்."

படமெடுக்கும் கலையைப் பற்றி நான் படித்த நூல்கள் எவற்றிலும் இதைக் காணவில்லை. நமது சங்கீதத்தில் லயக் கணக்கு ஒன்று திடீரென்று வந்து முடிவதில்லை. கோர்வை மும்முறை ஒலித்து, மூன்றாவது முறை எடுப்பிலே போய் விழுகிறது. விழுந்த அக்கணத்தில் ஓர் ஓய்வு உண்டு. பாடகரின் கை சமத்திலே நிற்பதும், வயலின் வித்துவான் வில்லின் அந்தத்தில் ஒருகணம் தாமதிப்பதும், நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துப் பெருமூச்சு விடுவதும் இத்தகைய ஓய்வுகளே. இசையைக் கேட்பவனுக்கு அவை வருவது முன்னரே தெரியும். கேளாதவன் நூறு படங்கள் எடுத்தாலும் அவற்றைத் தவறவிடுவான்.

மறு ஆண்டுத் திருவிழாவுக்குப் பிளாஷ் விளக்கு இல்லாமற் சென்றேன். லைற் எஞ்சின் தந்த மின்சாரத்தில் எரிந்த குழாய் விளக்குகளே இருந்த ஒளி. 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிம். கமெராவின் வில்லையை அதன் முழு அகலத்துக்கு, அதாவது எப் 2 அளவுக்குத் திறந்தேன். கதவு திறந்திருக்கும் நேரம் முப்பதில் ஒரு செக்கன். அவ்வளவு நேரம் கை நடுங்காதிருக்க, மேடைக்குப் பக்கத்துத் தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒடுக்கி, மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். முதல் தீர்மானத்தைக் கேட்டேன். இரண்டாவதில் கமெராவை உயர்த்தினேன். மூன்றாவது முடியுமிடத்தில் விசையை அமர்த்தினேன்.

அந்தச் சுருளில் பெரும்பாலானவை பயனற்றுப் போயின. ஒன்று மட்டும் நன்றாக அமைந்தது. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

இவ்வகையில் படமெடுப்பது புதிய முயற்சி அன்று. மக்னீசியத் தூளைக் கொளுத்திப் புகை கிளப்பிப் படமெடுத்த காலம் ஒன்றிருந்தது. 1924 இல் ஜேர்மனியில் வெளிவந்த எர்மனொக்ஸ் என்னும் சிறிய கமெரா, எப் 2 அளவுடைய வில்லையைக் கொண்டிருந்தது. கண்ணாடித் தகடுகளில் பதியும் அக்கருவியைக் கொண்டு எரிக் சாலமோன் என்பவர் 1928 முதல் நீதிமன்றங்களிலும் இராசதந்திர மாநாடுகளிலும், அங்கிருந்தோர் அறியாவண்ணம், அறையிலிருந்த வெளிச்சத்திலேயே படமெடுத்துப் புகழ்பெற்றார். யூதராகிய அவர் 1944 இல் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார். அவருடைய படங்களில் மனிதர்கள் கொட்டாவி விடுகிறார்கள், உரையாடுகிறார்கள், களைத்துப்போய் நாற்காலியில் சரிகிறார்கள். விளக்கொன்று எரிந்திருந்தால் அவர்கள் யாவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இன்றைய இளைஞர்களின் வேலை எங்களுடையதிலும் பன்மடங்கு இலகுவானது. ஒளியை ஏற்கும் வேகம், வில்லையின் திறப்பு, கதவு திறந்திருக்கும் நேரம் என்னும் மூன்றும் ஒரு தராசின் படிக்கற்களைப் போன்றவை. ஒன்றை மாற்றினால் மற்றொன்றால் அதை ஈடுசெய்யலாம். 400 வேகம், எப் 2, அறுபதில் ஒரு செக்கன் என்பது தரும் படத்தின் பிரகாசத்தையே, 1600 வேகம், எப் 2.8, நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கன் என்பதும் தரும். இன்றைய கமெராக்கள் 1600 ஐயும் 3200 ஐயும் இலகுவாகத் தாங்குகின்றன. படத்திற் சற்று மணல் தூவினாற்போலத் தோன்றினும் அதற்கு அஞ்சவேண்டியதில்லை. அசைவினால் குழம்பிய முகத்தைப் பின்னர் திருத்த வழியில்லை, மணலை மன்னிக்கலாம்.

தூரத்திலிருந்து நீண்ட வில்லையால் எடுப்பவர்கள் இன்னுமொன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வில்லை நீள நீளக் கைநடுக்கமும் பெரிதாகும். 200 மில்லிமீற்றர் வில்லைக்கு இருநூறில் ஒரு செக்கனாவது வேண்டும் என்பது பழைய விதி. இக்காலக் கருவிகளிலுள்ள நடுக்கந் தடுக்கும் அமைப்பு நமது கையின் நடுக்கத்தையே தடுக்கும். மிருதங்க வித்துவானின் விரல்களை அது நிறுத்தாது.

ஒளியை அளப்பதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. மண்டபம் முழுவதும் இருண்டிருக்க, மேடையில் மட்டும் வெளிச்சமிருக்கும்போது, கருவி அந்த இருளையும் சேர்த்து அளந்து, ஒளி போதாதென்று முடிவு செய்துவிடும். விளைவாகப் பாடகரின் முகமும் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்பு பூசியனபோல வந்துவிடும். முகத்தை மட்டும் குறிவைத்து அளப்பதே தக்கது. அஃதியலாதெனின், கருவி கூறும் அளவிலிருந்து ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

மேடையிலே ஊதாவும் பச்சையுமாக விளக்குகளைப் பொருத்தும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. பிற்பாடு நிறத்தைச் சரிசெய்ய விரும்புவோர், கமெராவின் சுருக்கப்படாத மூலப்பதிவை வைத்திருப்பது நன்று. மேலும், நமது மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது சுற்றுக்களைக் கொண்டது. அதில் எரியும் விளக்குகள் பல, நம் கண்ணுக்குத் தெரியாமல், செக்கனுக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. கதவை மிகக் குறுகிய நேரம் திறந்தால் படத்திலே கரும்பட்டைகள் விழக்கூடும். அவ்வாறாயின் நூறில் ஒரு செக்கன் அல்லது ஐம்பதில் ஒரு செக்கன் என்று வைத்துப் பார்க்கவேண்டும்.

இனி, எங்கே இருப்பது? நேர் எதிரே இருந்தால் ஒலிவாங்கி பாடகரின் வாயை மறைக்கும். சற்றுப் பக்கமாக விலகினால் முகமும் கையும் ஒருசேரக் கிடைக்கும். மிருதங்கக்காரர் வலந்தலை சபையை நோக்கியிருக்கும்படி அமர்வது மரபாதலால், அவருடைய வலக்கை விரல்களைச் சபையிலிருந்தே காணலாம். ஓரிடத்தைத் தெரிந்து, கச்சேரி தொடங்குமுன்னரே அங்கு அமர்ந்துவிட வேண்டும். எழுந்து நடமாடுவதும் ஒருவகைப் பிளாஷ் விளக்கே. கமெரா குறிபார்ப்பதற்காக எரியும் சிறு விளக்கையும், பின்புறத் திரையின் வெளிச்சத்தையும் அணைத்துவிடுவது மரியாதை. விசையின் ஓசை கேட்குமாயின், ஆலாபனையின் மெல்லிய இடங்களில் கையை மடக்கிக்கொண்டு கேட்பதே நன்று. தனியாவர்த்தனத்தில் அவ்வோசையை எவரும் கேளார்.

முன்னர் குறிப்பிட்ட அந்த ஒரு படத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

அதில் இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்றை வித்துவானிடம் கொடுத்தேன். மற்றொன்றைக் கொழும்பிலிருந்த நண்பர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினேன். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, எனது பிலிம் சுருள்கள் அடங்கிய தகரப்பெட்டியும் வீட்டோடு தங்கிவிட்டது. நாங்கள் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வித்துவான் காலமாகிவிட்டார். அவர் வீட்டிலிருந்த பிரதிக்கும் அதே கதிதான்.

2004 இல் கொழும்பு நண்பர், தம் பழைய கடிதக் கட்டொன்றிலிருந்து அந்தப் படத்தைக் கண்டெடுத்து எனக்குத் திருப்பி அனுப்பினார். நான் அதனை எடுத்துக்கொண்டு வித்துவானின் மகளைத் தேடிச் சென்றேன். தந்தையின் முகத்தைக் கண்டு அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தந்தையைப் பார்த்தார். தூக்கிய நிலையில் நின்ற அந்தக் கையையும் பார்த்தார். பின்னர் அவருடைய விரல் படத்தின் வலப்பக்க ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே, மேடையை ஒட்டி நிலத்தில் இருந்த பெண்களுள் ஒருவர், சற்று மங்கலாக, மடியில் ஒரு குழந்தையுடன் காணப்பட்டார். முப்பது ஆண்டுகளாக அந்தப் படத்தை என்னுடையதென்று எண்ணியிருந்த நான் அப்பெண்ணை ஒருபோதும் கவனித்ததில்லை.

"இது அம்மா" என்றார் மகள். "மடியில கிடக்கிறது நான்."

அவருடைய தாயாரின் படம் வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை. அந்த இரவில் நான் பிளாஷ் விளக்கை எரித்திருந்தால், முதலாண்டுப் படத்தைப் போலவே, வித்துவானுக்குப் பின்னால் இருளே இருந்திருக்கும்.

கச்சேரிக்குக் கமெராவுடன் செல்லும் இளைஞர்களுக்கு நான் வேறு உபதேசம் செய்ய விரும்பவில்லை. விளக்கை அணைத்துவிடுங்கள். மூன்று முறை கேளுங்கள். மேடையைச் சுற்றியிருப்பவர்களுக்கும் படத்தில் சிறிது இடம் விடுங்கள்.