முதலில் பூட்டியது, கடைசியில் திறந்தது

பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள், தினமும் ஓர் அட்டவணை போடுங்கள், கதைப்புத்தகம் வாசிக்கச் சொல்லுங்கள், செல்போனைக் குறையுங்கள். கொரோனா காலத்தில் குழந்தைகளின் மனநலம் காக்கப் பெற்றோருக்கு வந்த இந்த யோசனைகளில் தப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவர்கள் மனதில் வைத்திருந்தது, பகலில் ஒரு பெரியவராவது இருக்கிற வீட்டை. குறைக்கிற அளவுக்குச் செல்போன் இருக்கிற வீட்டை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, குருவிகுளம் ஒன்றியத்துக் கரிசல் ஊர்களில் பாதிக் குடும்பங்களுக்காவது அந்த வீடு பொருந்துமா என்பது சந்தேகம். மழையை நம்பிய மானாவாரி பூமி இது. அம்மா களை எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ தீப்பெட்டி ஆபிஸுக்கோ போனால் பொழுது சாயத்தான் வருவார். இருக்கிற ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டது பள்ளிக்கூடம். அதைப் பூட்டியபோது அந்தப் பொறுப்பை யார் கையிலும் கொடுக்கவில்லை. கிராமத்துப் பிள்ளையின் மனநலத்தைப் பற்றிப் பேசுவதானால் பேச்சை அந்தப் பூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கவுன்சலிங் எல்லாம் அதற்குப் பிறகு.

பூட்டு எவ்வளவு காலம் தொங்கியது என்பதை நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம். 2020 மார்ச் நடுவில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதம். ஒன்றாம் வகுப்பை முடிக்காமல் வீட்டுக்குப் போன பிள்ளை, அடுத்த முறை பெஞ்சில் உட்கார்ந்தபோது மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அதன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு 19 மாதம் என்பது நினைவு தெரிந்த காலத்தில் கிட்டத்தட்ட பாதி. மணியடித்ததும் எழுவது, வரிசையில் நிற்பது, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் ராசியாவது என்று அந்த வயதில் மனசு பழக வேண்டிய பலவற்றுக்கும் அங்கேதான் இடம். மூடிய மாதங்களில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் தட்டை வைத்துக்கொண்டு கூட உட்கார்ந்து சாப்பிடுவதைப் பையில் அள்ளிக் கொடுக்க முடியாது.

மனநலக் கணக்கு என்ன சொல்கிறது? கொரோனாவின் முதல் ஆண்டில் உலகெங்கும் நடந்த 29 ஆய்வுகளை, 80,000க்கும் மேற்பட்ட சிறாரின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறியும் ஐந்தில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறியும் தெரிந்தன. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் கிழக்கு ஆசியா, வட அமெரிக்கா, ஐரோப்பா சார்ந்தவை. கரிசல் காட்டுப் பிள்ளையை யாரும் உட்கார வைத்து அப்படிக் கேட்கவில்லை. நம் ஊரில் அளக்கப்பட்டவை வேறு. குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்புப் பிரசார இயக்கம் தமிழ்நாட்டின் 24 மாவட்டங்களில் எளிய குடும்பங்களின் 818 பிள்ளைகளிடம் விசாரித்தபோது, கொரோனாவுக்கு முன் வேலைக்குப் போனவர்கள் 28.2 சதவீதம், பிறகு 79.6 சதவீதம். சிறிய கணக்கெடுப்புதான், மாநிலத்துக்கே இதுதான் அளவு என்று நீட்டிவிடக் கூடாது. ஆனால் அந்தத் திசை கரிசல் பக்கத்துக்குப் புதிதல்ல. 1980களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டார ஊர்களிலிருந்து விடியுமுன் தீப்பெட்டி ஆபிஸ் பஸ்ஸில் ஏறியவர்களில் பிள்ளைகள் கணிசம். அவர்களை அந்த பஸ்ஸிலிருந்து இறக்க எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். சட்டமும் பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர்ந்துதான் அது நடந்தது. இதில் ஒரு கால் முறிந்தால் மற்றவை எவ்வளவு நாள் தாங்கும்?

பள்ளியை மூடாமல் இருந்திருந்தால் வீட்டுத் தாத்தா பாட்டிகளின் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 2020 மார்ச்சில் அதற்கு யாரிடமும் பதிலில்லை. அன்றைக்கு மூடியதில் தவறில்லை. என் குறை அதற்கடுத்த மாதங்களைப் பற்றியது. டென்மார்க் 2020 ஏப்ரல் நடுவிலேயே திறந்தது, அதுவும் சின்ன வகுப்புகளை முதலில். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை நடத்தியபோது 6 முதல் 9 வயதுள்ளவர்களில் 57.2 சதவீதத்தினருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதத்தினருக்கும் நோயெதிர்ப்புப் பொருள் உடலில் இருந்தது. சிறுவர்களுக்குத் தடுப்பூசியே வராத நேரம் அது. அதாவது, வகுப்பறைக்குப் போகாமலேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைரஸ் தொட்டுவிட்டது. அந்த முடிவை வெளியிட்ட ஜூலை 20 அன்றே, கழகத்தின் தலைவர் பல்ராம் பார்கவா தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவுடைமை என்றார். தமிழ்நாடு செய்தது தலைகீழ். 9 முதல் 12 வரை செப்டம்பரில், சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பரில். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு முதலிடம் என்ற கணக்கு அது. தேர்வு இல்லாத வயதுக்குப் பள்ளிக்கூடம் அவசரமில்லை என்று நினைத்தவர்கள், பள்ளிக்கூடத்தைப் பாடத்துக்கான இடமாக மட்டுமே பார்த்தார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பள்ளிக்கூடமே பல பிள்ளைகளுக்கு நரகமாக இருக்கிறதே, பரீட்சை பயமும் அடியும் சாதிக் கேலியும் இல்லாமல் வீட்டில் சிலர் நிம்மதியாக இருந்தார்களே என்பது. உண்மைதான். நெல்லை, தென்காசிச் சீமையில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடும் மாணவர்கள் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமையின் வேர் வகுப்பறையில் இருந்தது. ஆனால் பள்ளிக்கு வெளியே என்ன இருக்கிறது? 2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் வட்டாரத்தின் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய காட்சியை நாடே பார்த்தது. பள்ளி மூடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மிஞ்சுவது அவரவர் தெரு. வேறு தெருக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்கார வாய்ப்புள்ள இடம், எத்தனை குறையிருந்தாலும், ஊரில் அது ஒன்றுதான். குறையைப் பள்ளியைத் திறந்து வைத்துத்தான் தீர்க்க முடியும்.

‘பட்டிக்காட்டில் மனநலமாவது, மண்ணாவது, அதெல்லாம் பட்டணத்து வியாதி’ என்கிறவர்களும் உண்டு. அவர்கள் சங்கரன்கோவில் கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாம். கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னால் உள்ள சக்கரத்தில், மனம் பேதலித்தவர்களை உட்கார வைத்தால் குணமாகும் என்ற நம்பிக்கை தலைமுறைகளாக இருக்கிறது. மனசுக்கும் நோய் வரும் என்பது இந்த மண்ணுக்கு எப்போதும் தெரியும். தெரியாதது, ராத்திரி அலறி எழுகிற பிள்ளையை, திடீரென்று படுக்கையை நனைக்கிற எட்டு வயதுக்காரனை, ‘பயந்திருக்கான்’ என்று திருநீறு போட்ட பிறகு வேறெங்கே கூட்டிப்போவது என்பதுதான். மனநல மருத்துவரைப் பார்க்கச் சங்கரன்கோவிலில் பஸ் மாறி தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். ஊரடங்கில் பஸ்ஸே இல்லை. இந்தியாவில் 15 முதல் 24 வயதுள்ளவர்களில் 41 சதவீதத்தினர்தான் மனக்கஷ்டத்துக்கு உதவி தேடுவது நல்லது என்கிறார்கள் என்று 2021இல் யுனிசெஃப் வெளியிட்டது. கணக்கெடுத்த 21 நாடுகளின் சராசரி 83. இன்று 14416 என்ற மனநல எண்ணும் குழந்தைகளுக்கு 1098உம் இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை போன் போட்டு ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லாது. முன்பு சிரித்தவள் இப்போது பேசுவதில்லை என்பதைக் கவனிக்க, அவளை நேற்றும் பார்த்த ஒருவர் வேண்டும்.

பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்று தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. பணம் வங்கியில் இருக்கும். பிள்ளை சித்தப்பா வீட்டில், கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறதா என்பதை வங்கி பார்க்காது. அதைப் பார்க்க ஆள் வேண்டும். போரில் சிதைந்த யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் இருந்தவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களை நம்பி உட்காரவில்லை. ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். நாளும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தானே.

நம்மிடமும் ஓர் ஏற்பாடு இருந்தது, ஆனால் பிந்தி வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில், அதே ஊர்த் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஏறத்தாழ இருபது பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழகக் கிராமங்களின் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ ஆகியோரின் ஆய்வு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்ததாகவும் கண்டது. கணக்கும் தமிழும் அளந்த ஆய்வுதான், மனசை அளக்கவில்லை. ஆனாலும், முடங்கிக் கிடந்த பிள்ளைகள் இவ்வளவு வேகமாக எழுந்தார்கள் என்றால், கூடிப் படிக்கும் இடம் கிடைத்ததற்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்வார்கள்?

இதையே 2020 ஜூனில், சமுதாயக் கூடத்திலோ வேப்பமரத்தடியிலோ, பத்துப் பத்துப் பிள்ளைகளாகத் தொடங்கியிருக்கலாம். தொற்றுப் பரவாதா என்றால், திறந்தவெளியில் அந்த ஆபத்து குறைவு. அதே பிள்ளைகள் அதே தெருவில் எப்படியும் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். சென்னையில் தொற்று ஏறியதற்குக் குருவிகுளத்துப் பள்ளி எதற்கு மூடிக் கிடந்தது? இனியொரு தொற்று வந்தால், மூடுவதையும் திறப்பதையும் ஒன்றிய அளவில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாராந்திரக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம். சின்ன வகுப்புக்கு முதல் திறப்பு, மூடிய நாளன்றே ஊருக்கொரு தன்னார்வலர், சமைத்த சோறு, ஆசிரியர் வாரமொரு முறை வீட்டு வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்வது. மாநிலப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று வகுத்து வைக்கிறார்கள். அதில் இதற்கும் இரண்டு பக்கம் சேர்க்கலாம், இப்போதே, நோய் எதுவும் வராத இந்த நேரத்தில்.